துணியைக்கூட ஆறப் போட்டுத்தான் வெட்டுகிறோம்

போன மாதம் நாங்கள் நாலு பேர், எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், திருப்பூரிலிருந்து பஸ் ஏறிக் கோவைக்குப் போய்ப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்று பார்த்துவிட்டு வந்தோம். எங்களுக்கு இது பழைய வியாதி. நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பெண்களுக்கான சி.ஆர்.ஐ. கோப்பை என்று எது நடந்தாலும் மாநகராட்சி மைதானத்து கேலரியில் எங்களைப் பார்க்கலாம்.

அன்றைக்கு ஆடிய ஒரு கல்லூரியில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். தெற்கத்திப் பக்கம் ஒரு கல்லூரியில் டிகிரி முடித்துவிட்டு, மேல்படிப்புக்கு இங்கே வந்தவள். ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இலவசம் என்று அழைத்து வந்திருக்கிறார்கள். நல்ல உயரம். கோச் அவளை மொத்தம் ஆறு நிமிஷம் இறக்கினார். இரண்டு பந்தைத் தவறவிட்டாள், ஒரு கூடை போட்டாள், திரும்பவும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது தீர்ப்பு வந்துவிட்டது. "உசரம் இருக்குது, ஓட்டம் இல்லீங்க" என்றார் ஒருவர். "போன காலேஜ்ல நல்லா ஆடினதெல்லாம் சின்ன டீம்களோடதானுங்க" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் முத்தாய்ப்பு வைத்தார்: "இன்னும் ரெண்டு வருஷத்துல கல்யாணம் பண்ணிட்டுப் போயிரும். இதுக்குப் போயி ஒரு சீட்டை வீணடிச்சுட்டாங்க."

மூவரும் என் நண்பர்கள். இதையும் படிப்பார்கள். படிக்கட்டும். அவர்கள் சொன்னது தப்பு என்பது மட்டுமில்லை, அநியாயம் என்றும் சொல்கிறேன்.

நாமெல்லாம் பனியன் கம்பெனியில் காலம் தள்ளியவர்கள். காம்பாக்டிங் முடிந்து ரோலாக வந்த துணியை நேரே கட்டிங் டேபிளில் போட்டு வெட்டுவோமா? ரோலில் இழுபட்டு நிற்கிற துணி அது. அப்படியே வெட்டினால் பின்னால் சுருங்கி, பீஸ் எல்லாம் அளவு குறைந்து நிற்கும். அதனால்தான் பிரித்து விரித்து ஒரு நாளாவது ஆறப் போடுகிறோம். உயிரில்லாத துணிக்குக் கொடுக்கிற அவகாசத்தை, ஊர் மாறி, சாப்பாடு மாறி, கோச் மாறி, கூட ஆடுகிறவர்கள் எல்லாம் மாறி வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுக்க மாட்டோமா?

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஹெய்லி வான் லித் என்று ஒரு பெண். லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய கடைசி சீசனில் ஆட்டத்துக்கு சராசரி 19.7 புள்ளி. 2023-ல் எல்.எஸ்.யூ.வுக்கு மாறினாள். அங்கே அவள் கையில் பாயின்ட் கார்டு வேலையைக் கொடுத்தார்கள். கூடை போட்டுப் பழகியவளைப் பந்து கொண்டுவந்து பிரித்துக் கொடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? சராசரி 11.6-க்கு இறங்கியது. அங்கேயும் நம்மைப் போல டீக்கடைக்காரர்கள் உண்டு. "அவ்வளவுதான், முடிந்தது" என்று எழுதித் தள்ளினார்கள். 2024-ல் டி.சி.யூ.வுக்கு மாறினாள். அவளுக்கு ஏற்ற ஆட்டம் அங்கே கிடைத்தது. அந்த அணி முதல் தடவையாகத் தேசியப் போட்டியில் கடைசி எட்டுக்குப் போனது. 2025-ல் சிகாகோ ஸ்கை அணி அவளை 11-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. நடுவில் ஒரு வருஷம் அவள் திறமை எங்கே போயிருந்தது? எங்கேயும் போகவில்லை. இடம்தான் பொருந்தவில்லை.

அமெரிக்கா வேண்டாம், பக்கத்துக் கோட்டயத்துக்கு வாருங்கள். கீது அன்னா ஜோஸ் பள்ளியில் முதலில் ஆடியது வாலிபால். உயரத்தைப் பார்த்துக் கூடைப்பந்துக்குக் கொண்டுவந்தார்கள். "வெறும் உசரம்" என்று அன்றைக்கே யாராவது ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சென்னையில் தெற்கு ரயில்வேயில் வேலை, ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் கிளப் ஆட்டம், 2011-ல் அமெரிக்காவின் மூன்று தொழில்முறை அணிகளில் தேர்வு முயற்சி, 2014-ல் அர்ஜுனா விருது. எதுவும் நடந்திருக்காது. அமெரிக்காவில் இடம் கிடைக்கவில்லைதான். ஆனால் அந்த வாசல்வரை போய்க் கதவைத் தட்டியவர் அவர்.

கல்யாணம் என்று சொன்ன நண்பருக்கு ஒரே பதில்: அனிதா பால்துரை. நம் சென்னைப் பெண். 2001 முதல் 2017 வரை ஆசியப் போட்டிகளில் இந்தியாவுக்கு ஆடியவர். கல்யாணம் ஆகி, குழந்தையும் பெற்று, மறுபடி மைதானத்துக்கு வந்தார். 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்ற அணியில் அவரும் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ. கல்யாணம் ஆட்டத்தை முடிப்பதில்லை. "இனிமேல் எதுக்கு?" என்று கேட்கிற நம்மைப் போன்றவர்கள்தான் முடிக்கிறோம்.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். வெளியூர்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து கோப்பை அடிக்கிற கல்லூரிகளில், உள்ளூர்ப் பள்ளியில் ஆடிய நம் பிள்ளைகளுக்கு இடம் குறைகிறது. உண்மைதான். அந்தக் கேள்வியைக் கல்லூரி நிர்வாகத்திடம் கேளுங்கள். ஹாஸ்டல் அறையில் தனியாகக் கிடந்து, காலை ஐந்தரைக்குக் கிரவுண்டுக்கு ஓடுகிற பெண்ணிடம் காட்டாதீர்கள். பள்ளி, பிறகு கல்லூரி, பிறகு ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை. கூடைப்பந்து ஆடும் நடுத்தர வீட்டுப் பெண்ணுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் இந்த ஒற்றை ஏணிதான். அதில் ஏற ஊர் மாறுகிறவளை "நிலையில்லாதவள்" என்கிறோம். நம் பையன்கள் கம்பெனி மாறினால் மட்டும் "வளர்ச்சி" என்கிறோம்.

இவ்வளவு கோபம் எனக்கு ஏன் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருஷம் இருக்கும். எங்கள் கம்பெனியில் டெய்லராக இருந்த ஒருவர் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஏனுங்ணா, நீங்க காலேஜ்ல பாஸ்கெட்பால் ஆடினவரு. எம் புள்ளைய வெளியூர் காலேஜ்ல கூப்பிடறாங்க. அனுப்பலாமுங்களா? ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்க" என்றார். போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு ஆட்டம். அதிலும் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். "ஆசைக்கு ஆடுதுங்க, பெருசா வராது" என்று சொன்னேன். அவர் என் பேச்சை நம்பினார். அனுப்பவில்லை.

அடுத்த வருஷம் அந்தப் பெண் எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்குக்கு வந்தாள். ஒன்றரை ஷிப்ட் நின்றுகொண்டே பீஸ் பார்ப்பாள். கழித்த பீஸைச் சுருட்டி, நாலடி தள்ளியிருந்த பெட்டிக்குப் பார்க்காமலே எறிவாள். ஒன்றுகூடத் தவறி வெளியே விழுந்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்தபோதெல்லாம் எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும். அவள் பெரிய ஆட்டக்காரியாக வந்திருப்பாளா? தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

நம் வயசுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. டீக்கடையில் நாம் போகிற போக்கில் சொல்வதை, பக்கத்தில் நிற்கிற ஒரு அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். கோச் தப்பாகச் சொன்னால் ஒரு ஆட்டம் போகும். நாம் தப்பாகச் சொன்னால் ஒரு பெண்ணின் படிப்பே போகும்.

ஆட்டத்தை விமர்சிப்போம். பந்தை விட்டால் விட்டாள் என்று சொல்வோம். "தேறாது" என்ற சொல்லை மட்டும் ஒரு சீசன் முழுக்க நாக்குக்குள்ளேயே வைத்திருப்போம். அடுத்த ஆட்டத்துக்கும் நான் கோவைக்குப் போகிறேன். அந்தப் பெண் பெஞ்சிலிருந்து எழுந்தால் கை தட்டுவேன். கூட வருகிறவர்கள் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு மூன்று மணிக்கு வந்துவிடுங்கள்.