தலாக் மனைவிக்குத்தானே? பிள்ளைக்குமா?



மஹல்லாவில் தலாக் பஞ்சாயத்து என்றால் என்னவெல்லாம் பேசுகிறோம்? மஹர் கொடுத்தாயிற்றா? நகை திரும்பியதா? சீர் பாத்திரம் எத்தனை? இத்தா காலச் செலவு எவ்வளவு? எல்லாவற்றையும் எண்ணி, எழுதி, கையெழுத்து வாங்குகிறோம். பிள்ளையின் செலவை மட்டும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி எழுந்துவிடுகிறோம். எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தப் 'பிறகு' வருவதேயில்லை!

தலாக் கணவன் மனைவி உறவைத்தான் முறிக்கும். தந்தை பிள்ளை உறவை முறிக்க எந்தத் தலாக்கிற்கும் சக்தி கிடையாது. தந்தையின் வசதிக்கேற்பத் தொகை மாறலாம், கடமை மாறாது என்பதுதான் திருக்குர்ஆன் 65:7 தரும் பாடம். கணவர் கஞ்சத்தனம் செய்கிறார் என்று ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் போதுமானதை அவர் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் (புகாரி). அப்படியானால் பிள்ளைச் செலவு தந்தை போடும் தர்மமா? இல்லை. அது பிள்ளையின் ஹக்!

"1986 சட்டப்படி இரண்டு வருடம் கொடுத்தால் போதும்" என்று சிலர் வாதிடுகிறார்கள். இது தவறு. 1997ல் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பிள்ளையின் உரிமை தனி. மகன் பருவ வயதை அடையும்வரை அல்லது சொந்தக் காலில் நிற்கும்வரை, மகளுக்குத் திருமணம் ஆகும்வரை தந்தைதான் பொறுப்பு. மார்க்கம் என்றோ விதித்த கடமையை நீதிமன்றம் சொல்லித்தான் செய்ய வேண்டுமா?

வியாபாரச் சகோதரரே! சரக்கு தந்தவருக்குத் தவணை தவறினால் பஜாரில் பெயர் கெடும் என்று அஞ்சுகிறீர். பெற்ற பிள்ளைக்குத் தவணை தவறினால் அச்சம் வரவில்லையே, ஏன்?

பெண் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைக் காட்டவில்லை என்று அவர் பணத்தை நிறுத்துகிறார். பணம் வரவில்லை என்று நீங்கள் பிள்ளையை மறைக்கிறீர்கள். இரண்டுமே அநீதி. பிள்ளையை வைத்துத் தாயையும் வதைக்கக் கூடாது, தந்தையையும் வதைக்கக் கூடாது என்பது 2:233 வசனத்தின் கட்டளை. சிறு வயதில் பிள்ளை தாயிடம், செலவு தந்தை மீது என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடில்லை. எந்த வயதுவரை என்பதில்தான் வேறுபாடு.

ஜமாஅத் நிர்வாகிகளே! தலாக், குலா பதிவேட்டில் மூன்று விஷயங்களைச் சேர்த்து எழுதுங்கள். மாதத் தொகை எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்கில்? பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் யார் பொறுப்பு? தந்தை பிள்ளையைப் பார்க்கும் நாள் எது? விலைவாசி ஏறுவதால் ஆண்டுக்கொரு முறை தொகையைத் திருத்துங்கள். அப்படியும் அவர் கொடுக்காவிட்டால், வசூலித்துத் தரும் அதிகாரம் ஜமாஅத்துக்கு இல்லை, நீதிமன்றத்துக்கு உண்டு. அங்கே போகும் தாயை மார்க்க விரோதி என்று தூற்றாதீர்கள். அவள் கேட்பது தன் பிள்ளையின் ஹக்கை!

இளைஞர்களே! அடுத்த தலாக் பஞ்சாயத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: "பிள்ளைக்கு என்ன எழுதினீர்கள்?" மறுமையில் கேட்கப்படும் முன் மஹல்லாவிலேயே கேட்டுவிடுவோம்!