பழைய கணினிகளை ஏற்றி அனுப்பும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அண்மையில் ஒரு விலைமனு வாசிக்கப்பட்டது. இருபது புதிய கணினிகள், திரை முதல் மவுஸ் வரை முழுத் தொகுதியாக. அதன் கடைசி வரியில் ஒரு சலுகை: "பழையவை அனைத்தையும் இலவசமாக அகற்றித் தருவோம்." எல்லோருக்கும் மகிழ்ச்சி. கணினி கூடத்துக்குப் பொறுப்பான ஆசிரியன் என்ற வகையில் எனக்கு அந்த வரிதான் உறுத்தியது. கையிலிருந்த பணத்துக்கு அந்த விலையில் ஏழு கணினிகளே வாங்கலாம். பத்தாம் தரத்தில் மட்டும் என்னிடம் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பவர்கள் 38 பேர்.

இந்த அவசரம் எங்கள் ஊரில் மட்டும் வந்ததல்ல. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசஸர் வேண்டும். எங்கள் இருபதில் ஒன்றுகூட அந்தத் தகுதியில் இல்லை. பாடசாலைகள், பள்ளிவாசல் அலுவலகங்கள், கடைகள் என்று நம் ஊர்களில் இருக்கும் கணினிகளில் பல இந்த நிலையில்தான் இருக்கும்.

ஆனால் கணினி என்பது ஒரே பொருளல்ல. பல பொருட்களின் கூட்டு அது. அவை எல்லாம் ஒரே நாளில் காலாவதியாவதில்லை.

பதினைந்து கணினிகள் நான்காம் தலைமுறையைச் சேர்ந்தவை. அவற்றின் ராம் டிடிஆர்3 வகை. புதிய மதர்போர்டில் அது பொருந்தவே பொருந்தாது, வெட்டுக்குறியே வேறிடத்தில் இருக்கும். மீதி ஐந்தும் பின்னர் ஒரு நலன்விரும்பி தந்தவை, ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 அவற்றையும் ஏற்காது. எனினும் அவற்றினுள் இருப்பது டிடிஆர்4 ராமும் எஸ்எஸ்டியும். பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல் புரொசஸருக்கான மதர்போர்டுகள் டிடிஆர்4 வகையிலும் வருகின்றன, டிடிஆர்5 வகையிலும் வருகின்றன. முதல் வகையைக் கேட்டு வாங்கினால் அந்த ஐந்து கணினிகளின் ராம் அப்படியே புதியதில் ஏறும்.

இது சில்லறை விடயமல்ல. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை அள்ளிச் செல்வதால் 2025 இன் பிற்பகுதியிலிருந்து ராமின் விலை எகிறியது. மைக்ரோன் நிறுவனம் குருஷல் என்ற தனது நுகர்வோர் வர்த்தகத்திலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அப்படிப்பட்ட காலத்தில் எங்களிடமிருந்து "இலவசமாக" அகற்றப்படவிருந்தவற்றில் டிடிஆர்4 ராமும் இருந்தது. கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை, அவர் வியாபாரி. கேட்காமல் கொடுப்பது நாம்தான்.

திரை, கீபோர்ட், மவுஸ் மூன்றுக்கும் புதிதாக ஒரு சதம் செலவழிக்கத் தேவையில்லை. திரைகள் பழைய விஜிஏ இணைப்பு கொண்டவை; அந்த இணைப்பு உள்ள மதர்போர்டுகள் இன்றும் கிடைக்கின்றன. பெட்டியும் அப்படித்தான். ஏடிஎக்ஸ் அளவுமுறை 1995 இல் வந்தது, இன்றைய மதர்போர்டின் ஆணித் துளைகளும் அதற்கே பொருந்துகின்றன. பெரிய கம்பனிகளின் சிறிய அலுவலகக் கணினிகளில் மட்டும் கவனம் தேவை. அவற்றில் பலவற்றின் பெட்டியும் மின் இணைப்பும் தனி வகை.

எதையும் வீசக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவனும் நானல்ல. பிடித்துப் பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் வீட்டுக் கணினியைப் புதுப்பித்தபோது ஒன்பது வருடப் பழைய பவர் சப்ளையை மிச்சம் பிடித்தேன். மூன்றாம் மாதம், மின் தடைப்பட்டு வந்த ஒரு மாலையில், அது தானும் போய் புது மதர்போர்டையும் கொண்டு போனது. உள்ளே இருக்கும் கொள்ளளவிகள் வெப்பத்தில் வற்றிப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது. வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். ஆகவே பவர் சப்ளை புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் வேறு கதை. வேகத்தில் அது எஸ்எஸ்டியிடம் நிற்காது. என் கவலையோ அதிலுள்ள விடயங்கள் பற்றியது. மாணவர் புள்ளிகள், பெற்றார் தொலைபேசி இலக்கங்கள், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. "ஃபோமட் அடிச்சா சரிதானே சேர்" என்றார் ஓர் அங்கத்தவர். விரைவு ஃபோமட் அடித்த ஒரு டிஸ்கைக் கூட்டத்துக்குப் பின் இலவச மென்பொருள் ஒன்றினால் அவர் முன்னிலையிலேயே தேடிக் காட்டினேன். பழைய தவணைப் பரீட்சைப் புள்ளிகள் வரிசையாக வந்து விழுந்தன. முழுமையாக மேலெழுதி அழிக்காத எந்த டிஸ்கும் பாடசாலை வாசலைத் தாண்டக் கூடாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று 2022 இல் ஒன்றை நாடு நிறைவேற்றியிருக்கிறது என்பதையும் நம் நிர்வாகங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நம் தனவந்தர்களிடமும் ஒரு வார்த்தை. புதிய பெட்டிகளை அடுக்கி, ரிப்பன் வெட்டி, பெயர்ப்பலகை மாட்டுவதற்குப் பணம் கிடைக்கிறது. பத்து பவர் சப்ளை வாங்கித் தாருங்கள் என்றால் ஆளில்லை. அதில் படமெடுக்க ஒன்றுமில்லை, உண்மைதான். ஆனால் பிள்ளை தட்டச்சு செய்வது பெயர்ப்பலகையில் அல்லவே.

நான் முன்வைத்த கணக்கு இதுதான்: மதர்போர்ட், புரொசஸர், பவர் சப்ளை மட்டும் புதிது, ஐந்துக்கு ராமும் எஸ்எஸ்டியும் நம்முடையவை, மற்றவற்றுக்குப் புதிது. ஏழு கணினிக்கான பணத்தில் பதினொன்று தேறும். உரிமம் பெற்ற விண்டோஸின் விலையையும் சேர்த்தே கணக்கிட்டேன், ஏனெனில் கணினியோடு வந்த பழைய உரிமம் புதிய மதர்போர்டுக்கு மாறாது. எஞ்சும் பழையவற்றில் ஆறு நல்ல நிலையில் உள்ளன. அவற்றில் ராமைக் கூட்டி லினக்ஸ் மின்ட் போட்டால் லிப்ரே ஒபிஸும் பஸ்கால் பயிற்சியும் தாராளமாக ஓடும். உண்மையில் பழுதானவை மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் போகட்டும், பழைய இரும்புக்காரரிடம் அல்ல.

அதிபர் ஒப்புக்கொண்டார். செயலாளர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. திறப்பு விழாத் திகதியை அவர் ஏற்கெனவே பிரதம அதிதியிடம் சொல்லிவிட்டாராம். வருகிற சனிக்கிழமை உயர்தர மாணவர்கள் நால்வருடன் முதல் பெட்டியைத் திறக்கிறோம். திருப்புளி கொண்டு வருவதாகச் சொன்னவள் ஒரு மாணவி. அவள் வீட்டில் கணினி இல்லை.