உண்ணிக் கடியும் உள்ளத்து நோவும்

கசகசா விதையளவே பருமனுள்ள ஓர் உண்ணி மனிதனுக்குக் காய்ச்சலையும் மூட்டுவலியையும் தரும் என்றால் எவரும் நம்புவர். அதே உண்ணி உறக்கத்தைக் கெடுத்து, நினைவைக் குழப்பி, மனச்சோர்வின் விளிம்புக்கும் ஒருவரைத் தள்ளக்கூடும் என்றால் நம்பத் தயங்குவர். இந்தத் தயக்கத்திற்கு நோயாளிகள் கொடுத்துவரும் விலை பெரிது.

அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தில் லைம் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கு வாழ்ந்த பொலி மரே என்ற ஓவியர் நான்கு பிள்ளைகளின் தாய். தோலில் தடிப்பு, மூட்டு வீக்கம், தீராத களைப்பு எனப் பல ஆண்டுகள் துன்புற்றார். காரணத்தைக் கண்டறிய இயலாத வைத்தியர்கள் சிலர், கோளாறு அவரது மனத்தில்தான் என்று முடிவு கட்டினர். அவரோ சோர்ந்துவிடாமல், இதே உபாதையுள்ள அயலவர்களின் விபரங்களைத் திரட்டி 1975 இல் சுகாதார அதிகாரிகளிடம் முறையிட்டார். அதன் பின்னரே யேல் பல்கலைக்கழகத்தின் அலன் ஸ்ரியர் ஆய்வில் இறங்கினார். 39 சிறுவர்கள் உட்பட 51 நோயாளரைப் பற்றிய அவரது குழுவின் அறிக்கை 1977 இல் வெளியானது. 1982 இல் வில்லி பேர்க்டோர்ஃபர் உண்ணியின் உடலில் தான் கண்ட பற்றீரியாவைப் பற்றி எழுதினார். அந்த நுண்ணுயிர் இன்று அவரது பெயரையே தாங்கி நிற்கிறது.

'எல்லாம் மனப்பிரமை' என்ற தீர்ப்பு தவறென நிரூபணமாயிற்று. ஆயினும் கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. லைம் நோய் மனத்தையும் உண்மையாகவே தாக்க வல்லது என்பது பின்னர் தெரியவந்தது. இந்நுண்ணுயிர் நரம்பு மண்டலத்தினுள் புகக்கூடியது. தொற்றினால் எழும் அழற்சி மூளையின் இயக்கத்தைப் பாதிக்கலாம். இவற்றுடன் நீடித்த வலியும், உறக்கமின்மையும், தன் சொல்லை எவரும் நம்பவில்லையே என்ற ஆற்றாமையும் சேரும்போது உள்ளம் உடைவதில் வியப்பென்ன?

டென்மார்க்கில் 1994 முதல் 2016 வரையான மருத்துவப் பதிவுகளை வைத்து, ஏறத்தாழ 70 இலட்சம் மக்களைக் கணக்கில் எடுத்து நடத்தப்பட்ட ஆய்வொன்று 2021 இல் வெளியானது. வைத்தியசாலையில் லைம் நோய் இனங்காணப்பட்டோரிடையே உளநோய்கள் ஏனையோரைவிட 28 வீதம் அதிகமாகக் காணப்பட்டன. தற்கொலை முயற்சி இரு மடங்காகவும், தற்கொலை மரணம் 75 வீதம் அதிகமாகவும் இருந்தன. இவ்வெண்களைக் கண்டு பீதியடையத் தேவையில்லை. லைம் நோயாளரில் மிகப் பெரும்பாலானோர் இந்நிலையை அடைவதில்லை. உரிய காலத்தில் அன்ரிபயோட்டிக் மருந்து பெற்றோர் பெரும்பாலும் பூரணமாகக் குணமடைகின்றனர். ஆனால் இவ்வளவு தெரிந்த பின்னரும் நோயாளியின் மனநிலையை விசாரிக்காமல் விடுவதை அலட்சியம் என்றே சொல்ல வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் ஒன்றுண்டு. விளக்க முடியாத எல்லாத் துயரங்களுக்கும் உண்ணியே காரணமென்று கூறி, மாதக்கணக்கில் அன்ரிபயோட்டிக் ஏற்றிப் பணம் பறிப்போர் மேலை நாடுகளில் பலர். சிகிச்சையின் பின்னும் தொல்லைகள் நீடித்தோருக்கு அத்தகைய நீண்ட மருந்தேற்றல், வெற்று மருந்தை விஞ்சிய பயன் எதையும் தரவில்லை என 2001 இல் வெளியான பரிசோதனை முடிவுகள் காட்டின. முதலாமவர் நோயாளியின் சொல்லை நம்ப மறுக்கிறார். இரண்டாமவர் அவரது நம்பிக்கையை விலைபேசுகிறார். இருவருமே நோயாளியைக் கைவிடுகின்றனர் என்பதே எனது கருத்து.

இது எவருடைய ஊரிலோ நடப்பது என்று நாம் இருந்துவிட முடியாது. கனடாவில் 2009 இல் 144 ஆக இருந்த லைம் நோயாளர் தொகை 2021 இல் மூவாயிரத்தைத் தாண்டியது. எம்மவர் செறிந்து வாழும் ஸ்காபரோவை ஒட்டிய றூஜ் பள்ளத்தாக்கும் இவ்வுண்ணி காணப்படும் இடங்களுள் ஒன்று. கோடையில் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் அங்கு உலாவச் செல்வோர், வீடு திரும்பியதும் உடலைச் சோதித்துப் பார்ப்பது நன்று. உண்ணி கடித்திருந்தால் எண்ணெய் பூசாமலும் நெருப்பால் சுடாமலும், நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். பின்வரும் வாரங்களில் சிவந்த தடிப்பு படர்ந்தாலோ காய்ச்சல் கண்டாலோ தாமதியாது வைத்தியரை நாட வேண்டும்.

இலங்கையின் மலைநாட்டிலும் உண்ணிகளால் பரவும் புள்ளிக் காய்ச்சல் உண்டு. அது வேறு கிருமியால் வருவது. அது கடுமையாகும்போது நோயாளி குழம்பிப் பிதற்றக்கூடும். டொக்சிசைக்கிளின் என்ற மலிவான மருந்துக்கு அது பெரும்பாலும் கட்டுப்படுகிறது. ஆனால், பிதற்றுபவரைக் கண்டதும் தேசிக்காய் வெட்டுபவரைத் தேடி ஓடுவோர் எம்மிடையே இன்னும் அற்றுப்போகவில்லை. இதில் இழக்கப்படும் ஒவ்வொரு நாளும் ஆபத்தானது.

உள்ளத்துத் துயரை நேரே சொல்லக் கூசி, தலையிடி என்றும் நெஞ்சு நோ என்றும் உடலின் மொழியில் சொல்பவர்கள் எம்மக்கள். போர்க்காலத்தில் எமது உளமருத்துவர்கள் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளனர். அப்படிக் கூசுவதற்குக் காரணம், 'விசர்' என்ற ஒற்றைச் சொல் ஒரு குடும்பத்தையே தலைகுனிய வைக்கும் என்ற அச்சமாகும். உண்ணிக் கடியால் மனம் நலிந்தவரும் அதே அச்சத்தினால் வாய்மூடி இருந்துவிடுகிறார்.

ஆகவே, உண்ணி நோய்க்கு மருந்தெழுதும் வைத்தியர் 'உறக்கம் எப்படி, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறதா' என்றும் கேட்க வேண்டும். திடீரெனக் குணம் மாறிய ஒருவரைப் பார்க்கும் உளமருத்துவர், அண்மையில் காட்டுப்புறம் சென்றாரா, தோலில் தடிப்பு இருந்ததா என்று விசாரிக்க வேண்டும். இவ்விரு கேள்விகளுக்கும் செலவு ஏதுமில்லை. மனநோவும் மூட்டுநோவைப் போலவே சிகிச்சைக்கு உரியது. அதைச் சொல்வதில் வெட்கப்பட எதுவுமில்லை.