ஓடப் பிறந்ததைக் கட்டிப்போடலாமா?

விடுதி நண்பர் ஒருவர் சென்ற மாதம் என் அறைக்கு வந்தார். கையிலிருந்த செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "உன் ஊர்ப் பக்கம்தானே மாப்பிள்ளை இது கிடைக்கும்? நல்ல குட்டியாக ஒன்று பிடித்துக் கொடேன்" என்றார். படத்தில் நின்றது இராசபாளையம் நாய். பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு, நெடிய கால்கள். கண்டவர் மனம் மயங்காதிருத்தல் அரிது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எனினும் நண்பருக்கு அன்று நான் விடை கூறவில்லை. விடை சற்று நீளமானது. ஆண்டு மலரில் இடம் கேட்டு எழுதுவது அதனால்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையும் மாலையும் ஒரு மணி நேரமாவது ஓடவிட ஆளில்லாத வீட்டில் இந்த நாயை வளர்ப்பது கொடுமை. மண்ணின் பெருமை என்றோ, உயிர்களிடத்து அன்பு என்றோ எந்தப் பெயர் சூட்டினாலும் அது கொடுமையேதான். அக்கொடுமையைச் செய்தவர்களுள் நானும் ஒருவன். ஆகவே குரல் சற்று உயர்ந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இனத்துக்குப் புகழ் சேர்ந்த கதை யாவரும் அறிந்ததே. 2005 ஆம் ஆண்டு நம் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றுள் ஒன்று இராசபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கும்படி கூறி, இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றின் பெயர்களைச் சொன்னார். அந்த உரைக்குப் பின்புதான் என் தந்தையாருக்கும் ஆசை பிறந்தது. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு மாணவன். விருதுநகரில் நெருக்கமான தெரு ஒன்றில், இரண்டரை சென்ட் மனையில் எங்கள் வீடு. நாற்பத்தைந்து நாள் குட்டியைத் தந்தையார் ஒரு மூங்கில் கூடையில் வைத்து, மேலே துண்டு போர்த்தி, பேருந்தில் கொண்டுவந்தார். வெள்ளையன் என்று பெயரிட்டோம். (அவன், இவன் என்றே எனக்கு எழுத வருகிறது. ஆசிரியர் குழுவினர் அஃறிணையாக்கிவிட வேண்டா.)

ஆறு மாதம் வரை அவன் தெருவுக்கே செல்லப்பிள்ளை. பிறகு கால்கள் நீண்டன. கூடவே எங்கள் துன்பமும் நீண்டது. செருப்புகள் முதலில் போயின. அடுத்து இரண்டு பாய்கள், கதவுநிலையின் அடிப்பகுதி, என் கணக்குக் குறிப்பேடு, வெற்றிலை பாக்கோடு அப்பத்தாவின் சுருக்குப்பை. குறிப்பேடு போனதற்காக நான் அவ்வளவாக வருந்தவில்லை. சுருக்குப்பைக்காக அப்பத்தா மூன்று நாள் எவரோடும் பேசவில்லை. எட்டாம் மாதத்தில் ஆளுயர மதிலை ஒரே தாவில் தாண்டி, அடுத்த வீட்டில் காயப்போட்டிருந்த வற்றலின்மேல் இறங்கினான். அன்புமிகுதியால் அவன் தாவியதில் எதிர்வீட்டுச் சிறுவன் விழுந்து பல் உடைந்தது. பாற்பல்தான். ஆனால் பல்லுக்குரியவரின் தாயாருக்கு அந்த நுட்பம் ஆறுதலாகுமா?

"கட்டிப் போடுடா" என்றார் தந்தையார். கட்டினோம். பின்கட்டுத் தூணில், மூன்றடி நீளச் சங்கிலியில்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பொறுமையாகக் கேளுங்கள். கட்டிய முதல் வாரம் இழுத்தான். இரண்டாம் வாரம் தூணைச் சுற்றிச் சுற்றி நடந்தான். வலப்புறமாகவே சுற்றுவான், சங்கிலி தூணில் முழுதும் சுருண்டு கழுத்து தூணோடு ஒட்டிக்கொள்ளும், நாங்கள் போய்ப் பிரித்துவிட வேண்டும். மூன்றாம் வாரம் முதல் இரவெல்லாம் குரைப்பு. கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து புண்ணாயிற்று. நண்பகல் வெயில் விழும் இடம் அது. அந்தச் சிவந்த மூக்கின் தோல் உரிந்தது. உண்ணி வேறு. தன் வாலையே கடித்துக் குருதி வரச் செய்துகொண்டான். சோறு வைக்கப் போனால் மேலே விழுந்தான். அதைக் கண்டு நாங்கள் தட்டைத் தூரத்திலிருந்து தள்ளினோம். ஆக, நாளுக்கு ஒரு முறை மனிதர் கை பட்டுவந்ததும் நின்றது. ஒருநாள் எரிவாயு உருளை கொண்டுவந்தவர் பின்கட்டுக்குப் போனார். கணுக்காலுக்கு மேலே கடித்துவிட்டான். அந்த மனிதர் நான்கு முறை அரசு மருத்துவமனைக்கு நடந்து ஊசி போட்டுக்கொண்டார். தந்தையார் அவருடைய நான்கு நாள் கூலியைக் கொடுத்தார். பணத்தை வாங்கிக்கொண்டு அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"இது வெறி பிடித்த சாதி, ஊசி போட்டு முடித்துவிடுங்கள்" என்று தெருவில் தீர்ப்பு எழுதியாயிற்று. முடிப்பதற்கு முன் ஒரு முறை காட்டிவிடுவோம் என்று கால்நடை மருத்துவமனைக்கு நான்தான் இழுத்துப் போனேன். மருத்துவர் புண்ணைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். பிறகு, "தம்பி, இவன் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறான்?" என்று கேட்டார். நான் விழித்தேன். மூன்றடிச் சங்கிலியில் கட்டிய நாய் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு வகுப்பில் எனக்குச் சூத்திரம் கற்பித்திருந்தார்கள்; விடையைச் சொல்லத்தான் நாவெழவில்லை.

இன்னொன்றும் அங்கே வெளிப்பட்டது. வெள்ளையனை நாங்கள் அடித்ததுண்டு. கூப்பிட்டால் வராமல் எதிர்த்திசையில் பார்ப்பான். திமிர் என்று அடித்தோம். சொன்ன பேச்சுக் கேட்காது என்று ஊரெல்லாம் குறை கூறினோம். மருத்துவர் அவன் பின்னால் நின்று இருபுறமும் மாறி மாறிக் கைதட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு காது கேட்கவில்லை போலத் தெரிகிறது, உறுதிசெய்யக் கருவி வேண்டும். ஒற்றைக் காதால் கேட்பவனுக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது விளங்காது" என்றார். தூய வெள்ளை நிறத்துக்கும் செவிட்டுத்தன்மைக்கும் உறவுண்டு. நிறம் தரும் அணுக்கள் உட்செவிக்கும் இன்றியமையாதவை. அவை அங்கே இல்லாமற்போனால் செவி பழுதுபடும். கரும்புள்ளி ஒன்றிருந்தால் கலப்பினம் என்று விலையைக் குறைப்பதும், பால்வெள்ளைக்கு மேல்விலை கொடுப்பதும் நம் வழக்கம். நாம் விலை கொடுத்து வாங்குவது அழகை மட்டுமன்று என்பதைக் குட்டி விற்பவர் யாரும் சொல்வதில்லை.

மறுநாள் முதல் காலை நாலரைக்கு எழுந்தேன். மிதிவண்டியில் நான், பக்கத்தில் அவன். கண்மாய்க் கரை மண்பாதையில் ஓட்டம். தார்ச்சாலை வேண்டா, எலும்பு முற்றும்வரை மண்ணில்தான் ஓடவேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. மாலையில் வெயில் தணிந்தபின் மறுபடியும். கையசைத்தால் வர, உள்ளங்கை காட்டினால் நிற்கக் கற்றுக்கொண்டான். வால் கடிப்பது மூன்றாம் வாரத்தில் நின்றது. இரவுக் குரைப்பு அதற்கு முன்பே நின்றது. களைத்துத் தூங்குகிறவன் ஏன் குரைக்கப் போகிறான்? அப்பத்தாவின் காலடியில் தலைவைத்துப் படுக்கும் அளவுக்கு அடங்கினான். ஒரு மருந்தும் உட்கொள்ளவில்லை, கழுத்துப் புண்ணுக்குக் களிம்பைத் தவிர.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நண்பருக்குக் குட்டி பிடித்துக் கொடுத்திருப்பேன். அந்த ஓட்டத்துக்கு விடுமுறை கிடையாது. ஐப்பசி மழையிலும் உண்டு; எனக்குக் காய்ச்சலென்றாலும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடந்த நாட்களில் இரண்டு காலைகள் தவறின. இரண்டாம் நாள் மாலையே கதவுநிலையில் பல் பதிந்தது. அத்தை மகள் திருமணத்துக்கு வீட்டில் எல்லோரும் மதுரை சென்றபோது நான் மட்டும் இருந்தேன். அவன் பிறர் கையில் உண்ணமாட்டான். ஒருவரையே தலைவனாக ஏற்கும் இனம் என்று புகழ்ந்து எழுதுகிறார்களே, அந்தப் புகழின் பொருள் அந்த ஒருவன் ஊரைவிட்டு அசைய முடியாது என்பதுதான்.

"நம் நாட்டு நாய்க்கு ஒன்றும் தேவையில்லை ஐயா, கம்பங்கூழ் ஊற்றினால் போதும், வெயில் தாங்கும்" என்று வாதிடுவோர் இருக்கின்றனர். பாதி உண்மை. குட்டை முடிதான், நாள்தோறும் சீவ வேண்டியதில்லை. குளிர்நாட்டு நாயைக் கொண்டுவந்து மின்விசிறியடியில் வாடவிடுவதைவிட இது மேல். ஆனால் இந்த நாய் உருவானது காவலுக்கும் வேட்டைக்கும். கரிசலில் பன்றியையும் முயலையும் விரட்ட அமைந்த நெஞ்சும் தொடையும் அவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்த வேட்டை குற்றம், குற்றமாக இருக்கவேண்டியதே. வேலை போய்விட்டது, அந்தக் கால்கள் மட்டும் குட்டிக்குக் குட்டி தொடர்ந்து வருகின்றன. அவற்றை என்ன செய்வது என்று சிந்திக்காமல் இனத்தைக் காப்போம் என்று முழங்குவது யாரைக் காப்பதற்கு?

சட்டம் பேசும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. 1960 ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11 ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நியாயமான அளவு நடமாடவிடாத உரிமையாளரும் குற்றவாளி. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எவ்வளவு நுணுக்கமாக எண்ணியிருக்கிறார்கள்! முதல் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்க்கு மிகாமல். எங்கள் வீட்டுச் சங்கிலியின் விலை அதைவிட அதிகம்.

இக்கல்லூரியில் இடம் கிடைத்தபோது வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். விடுதிக்குப் புறப்பட்ட அன்று, தந்தையார், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். முழங்கால் வலியுள்ளவர், தெருமுனைவரை நடத்துவார். நாற்பது நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். வெள்ளையன் பின்கட்டுத் தூணில் கட்டப்பட்டிருந்தான். வலப்புறமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். தந்தையார் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? படிப்பதற்காக ஓடிவந்தவன் நான்.

அடுத்த வாரம் சாத்தூருக்கு அப்பால் பன்னிரண்டு ஏக்கர் கரிசல் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் கொண்டுபோய் விட்டோம். முதல் ஐந்து நாள் அவன் எதுவும் உண்ணவில்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். ஆறாம் நாள் கூழ் குடித்தானாம். பொங்கல் விடுமுறையில் பார்க்கச் சென்றேன். பருத்திக்காட்டு வரப்பில் தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு போல வந்தான்; அருகே வந்ததும் என் கையை மோந்து, நெஞ்சில் கால் வைத்து நின்றான். கழுத்தில் முடி முளைத்திருந்தது. சிறிது நேரத்தில் அண்ணாச்சி தோட்டத்துக்குக் கிளம்பினார். இரு சக்கர வண்டி அதிர்ந்ததும் அவன் காதை இப்படியும் அப்படியும் திருப்பினான், எந்தப் பக்கம் என்று தெரியாமல். அவர் கையை உயர்த்தினார். நான் கற்றுக்கொடுத்த அதே சைகை. வண்டியின் பின்னால் ஓடிப்போனான்.

நண்பருக்கு இப்போது ஓர் உடன்படிக்கை சொல்லியிருக்கிறேன். முப்பது நாள், விடிகாலை நாலரை மணிக்கு நம் கல்லூரி மைதானத்தை நாய் இல்லாமலே அவர் பத்துச் சுற்று ஓடவேண்டும். ஒரு நாளும் தவறக்கூடாது. ஓடி முடித்தால் அண்ணாச்சியைக் கேட்டு நானே நல்ல குட்டி வாங்கித் தருவேன். காது இரண்டும் கேட்கிற குட்டியாகப் பார்த்து. தொடங்கிப் பதினொரு நாளாகிறது. அவர் வந்தது நான்கு நாள். நேற்று மாலை உணவு விடுதியில் சந்தித்தபோது, கரும்புள்ளி உள்ள குட்டி என்றால் விலை எவ்வளவு குறையும் என்று கேட்டார்.