மெமோ எந்த பாஷையில்?

“இங்கிலீஷ் தெரியாதவனுக்குப் பிரமோஷன் எதற்கு?” - பன்னாட்டுக் கம்பெனிகளில் தொழிலாளி கேட்கும் பேச்சு இது. மானேஜர் சொல்வது புரியாமல் தலையாட்டுகிறான்; இங்கிலீஷ் மெமோவைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறான். பழியும் அவன் மேல்தான்! சரக்கை விற்க வரும்போது மட்டும் இதே கம்பெனிகளுக்குத் தெருத் தெருவாகத் தமிழ் வருகிறதே, அது எப்படி?

தோழர்களே, பிரான்சில் நடந்ததைப் பாருங்கள். வேலைக்குத் தேவையான தஸ்தாவேஜுகள் பிரெஞ்சு பாஷையில் இருக்க வேண்டுமென்று அங்கே 1994-ல் சட்டம் வந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் மருத்துவக் கருவிப் பிரிவோ, ஊழியர்களுக்கு வேண்டிய குறிப்புகளை இங்கிலீஷிலேயே கொடுத்துவந்தது. ஊழியர்கள் இங்கிலீஷ் வகுப்புக்கு ஓடவில்லை. தொழிற்சங்கத்தோடு கோர்ட்டுக்குப் போனார்கள். 2006-ல் வெர்சாய் அப்பீல் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. கம்பெனி 5 லட்சம் யூரோவுக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று. பணத்தைவிடப் பெரிய விஷயம், மொழிபெயர்த்துக் கொடுக்கும் பொறுப்பு கம்பெனி தலையில் விழுந்ததுதான்.

நம் நாட்டிலும் 1946-ம் வருஷத்து நிலையாணைச் சட்டம், ஆலை விதிகளைப் பெரும்பாலான தொழிலாளருக்குத் தெரிந்த பாஷையிலும் வாசலருகே எழுதி வைக்கச் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் அடுத்த கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, கூலி உயர்வுக்குக் கீழே இதையும் சேருங்கள்: மெமோ தமிழில் வர வேண்டும், விசாரணையும் தமிழில் நடக்க வேண்டும்.