பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போறீங்களா? மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நிமிஷம்!

"மழைக்கு முன்னாடி முடிச்சுத் தந்துடறேன் சார்." பள்ளிகொண்டாவில் பழைய வீட்டைத் தட்டிக் கட்ட நினைக்கிறவர்கள் மேஸ்திரியிடம் கேட்கும் முதல் வாக்குறுதி இதுவாகத்தான் இருக்கும். பெரும்பாலும் எழுத்தில் இருக்காது. வேலை பாதியில் நிற்கும்போதுதான், நம்ம கையில் எந்தக் காகிதமும் இல்லை என்பது உறைக்கும்.

பணம் மட்டும் போனால் பரவாயில்லை. 2021 நவம்பர் 19 அன்று, இதே வேலூர் மாவட்டத்தின் பேரணாம்பட்டில் கனமழையில் வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். மழையும் பழைய சுவரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்தப் பகுதி கண்ணால் பார்த்திருக்கிறது.

பழைய செங்கல் வீடுகளில் தூண் கிடையாது, சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. ஹாலைப் பெருசாக்கலாம்னு நடுச்சுவரை எடுத்தால் மேலே இருக்கிற எடை எங்கே இறங்கும்? "எத்தனை வீடு பார்த்திருக்கேன்" என்ற மேஸ்திரியின் அனுபவம் இதற்குப் பதில் ஆகாது. சுவர் இடிப்பது, மாடி ஏற்றுவது என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டு எழுதி வாங்குங்கள். அதுதான் முதல் செலவு. டைல்ஸ், பெயின்ட் மட்டும்னா இது தேவையில்லை.

தண்ணீரை ஏன் சோதிக்கணும்?

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியே விநோதமாக இருக்கும். ஆனால் இது தோல் தொழில் பெல்ட். தோலைப் பதப்படுத்த உப்பு வேண்டும். அந்த உப்பு, கழிவோடு சேர்ந்து பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டி வந்தது. குடிநீருக்கு என்ன ஆகும், விவசாயத்துக்கு என்ன ஆகும் என்று பேசுகிறோம். வீட்டைக் கட்டுவதும் அதே தண்ணீரில்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஐ.எஸ். 456 தர விதிப்படி, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு உப்பி, சில வருஷத்தில் சீலிங் காரை பெயர்ந்து விழும். நாக்கில் வைத்துப் பார்த்து 'நல்ல தண்ணிதான்' என்று சொல்வது சோதனை ஆகாது. போர் தண்ணீரை ஒரு பாட்டில் பிடித்து லேப்பில் கொடுங்கள். சரியில்லை என்றால் டேங்கர் தண்ணீர்தான். அந்தக் காசு யாருடையது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதணும்?

சதுரடி ரேட் புது வீட்டுக்குச் சரி. புதுப்பிக்கும் வேலையில் இடிப்பு, இடிபாடு அள்ளுவது, பழைய பைப் லைனை மாற்றுவது எல்லாம் சதுரடிக்குள் அடங்காது. அதனால் வேலை வாரியாக ரேட் எழுதுங்கள். லேபர் காண்ட்ராக்டா, மெட்டீரியலும் சேர்த்தா? மெட்டீரியலும் அவர்தான் என்றால் சிமென்ட், கம்பி, ஒயர் எந்த பிராண்ட் என்பதும் வேண்டும். சண்டை கிளம்பும் இடம் 'எக்ஸ்ட்ரா வேலை'. அது வந்தால், தொடங்கும் முன்பே ரேட்டை வாட்ஸ்அப்பில் எழுதி 'ஓகே' வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள், தேதி பார்த்துக் கொடுக்காதீர்கள். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஓடுவதால் சீக்கிரம் பிரிக்கப் பார்ப்பார்கள். 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கே முட்டுக்கால் குறைந்தது 7 நாள் இருக்கணும், அதைவிட நீளம் என்றால் 14 நாள். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் 10 நாளாவது தண்ணீர் விடணும். தளம் போட்ட தேதியைச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலே பாதி வாக்குவாதம் குறையும்.

ஏமாந்தால் எங்கே போவது?

ரெரா சட்டம் விற்பனைக்காகக் கட்டும் பில்டர்களுக்கானது. நம்ம வீட்டு ரிப்பேருக்கு உதவாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உதவும். வீடு கட்டித் தருவதும் அதில் 'சேவை'தான். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது வேலூர் நுகர்வோர் ஆணையத்திலேயே, பிரச்சனை வந்த 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் ரசீது, பேங்க் பரிவர்த்தனை, போட்டோ இல்லாமல் போனால் சொல்ல வார்த்தை மட்டும்தான் இருக்கும்.

இங்கே அரசையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2,500 சதுரடி மனையில் 3,500 சதுரடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. நல்ல விஷயம். அதே இணையதளத்தில், மேஸ்திரியும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு பக்க மாதிரி ஒப்பந்தத்தை எளிய தமிழில் வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்? பேரூராட்சி அலுவலகங்களிலும் அதை அச்சடித்து வைக்கலாமே.

அதுவரை வெள்ளைத்தாளில் நீங்களே எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.