நடுவழியில் விட்டுவிட்டோம்

சேர்வராயன் மலையடிவாரத்தில் குப்பனூரிலும், அதற்கு மேலே கொட்டச்சேடு வரையிலும் வாழும் பெற்றோரும் ஆசிரியர்களுமான நாங்கள், சில பிள்ளைகளுக்குச் செய்யத் தவறியதை வாய்திறந்து சொல்லியாக வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் அவர்கள். கவனம் நிலைக்காது, கை கால் ஓயாது, தோன்றியதை உடனே செய்துவிடுவார்கள். வளர்ப்பின் கோளாறு அல்ல, மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு என்று மருத்துவர்கள் சொல்லி வெகுகாலமாகிறது. நாங்களோ பிரம்பை எடுத்தோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம். "வயசானா சரியாப் போயிடும்" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

எங்கோ ஒரு பிள்ளைக்கு வருவதல்ல இது. கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளின் 770 பிள்ளைகளைப் பரிசோதித்து 2013-இல் வெளியான ஆய்வு, நூற்றுக்குப் பதினொருவரிடம் இதைக் கண்டது. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறும். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர்.

மருத்துவமனை இல்லை என்று சாக்குச் சொல்ல வழியில்லை. அயோத்தியாப்பட்டணம் வழியே பஸ் ஏறினால் சேலம், அங்கே மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி பள்ளிக்கே ஆண்டுதோறும் மருத்துவக் குழு வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் உண்டு. ஆனால் பல்லையும் கண்ணையும் பார்ப்பதுபோல ஐந்து நிமிடத்தில் இதைப் பார்த்துவிட முடியாது. புது முகத்தைக் கண்டால் இந்தப் பிள்ளைகளில் பலர் சற்று நேரம் அடங்கி உட்கார்ந்துவிடுவார்கள். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியதா, ஆறு மாதமாவது நீடித்ததா, வீடு பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிகிறதா என்று கேட்டுத்தான் டாக்டர் முடிவுக்கு வர வேண்டும். பதில் எங்களிடம் இருந்தது.

டீச்சரிடம் நிரப்பி வாங்கி வரச் சொல்லி டாக்டர் ஒரு தாள் தருவார். கேள்வியை முடிக்கும் முன்பே பதில் சொல்கிறானா, பென்சில் நோட்டைத் தொலைக்கிறானா, அடிக்கடியா, எப்போதாவதா என்று டிக் அடிக்கும் தாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற அம்மாவுக்கு ஒரு நாள் பள்ளிக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். பையனிடமே கொடுத்தனுப்புவார். எதையும் தொலைத்துவிடும் பிள்ளையின் பையில் அந்தத் தாள் போகும். பள்ளியில் நாங்களும் கேட்டு வாங்கவில்லை. வந்து சேர்ந்த தாள்களையும் மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டத்தில் டிக் அடித்துத் திருப்பினோம்.

மருந்து எழுதப்பட்டபோதும் இதே கதைதான். இதற்கு எழுதித் தரும் மீதைல்ஃபெனிடேட் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. கட்டுப்பாடு அதிகமுள்ள ஷெட்யூல் எக்ஸ் பட்டியல் மருந்து, சீட்டே இரண்டு பிரதி வேண்டும். பசி, தூக்கம், எடை, ரத்த அழுத்தம் பார்த்து அளவை மாற்ற மீண்டும் மீண்டும் போக வேண்டும். சிலர் அலைய முடியாமல் நிறுத்தினோம், சிலர் "மூளை மாத்திரை" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு வந்ததும் நிறுத்தினோம். நாலு வாரம் ஒழுங்காக எழுதிய பையன் ஏன் பழையபடி ஆனான் என்று வகுப்பிலிருந்து ஒரு போன் போகவில்லை.

ஆறு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்குத் தரும் நடத்தைப் பயிற்சியே முதல் சிகிச்சை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்வது, முடித்த கையோடு பாராட்டுவது. வகுப்பிலும் முன் பெஞ்சில் உட்காரவைத்து, நடுநடுவே கரும்பலகை துடைக்க எழுப்பிவிடலாம். காசு செலவில்லாத காரியம், அதைக்கூடச் செய்யவில்லை. வெயிலில் வராந்தாவில் முட்டி போடவைத்தோம்.

பெண் பிள்ளைகளை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர்களில் பலர் ஓடுவதில்லை, எதையும் உடைப்பதில்லை, கடைசி பெஞ்சில் ஜன்னலைப் பார்த்தபடி இருப்பார்கள். நோட்டைத் திறந்தால் முதல் இரண்டு வரி முத்து முத்தாக இருக்கும். மூன்றாவதில் எழுத்து கோட்டை விட்டு இறங்கும், ஐந்தாவது பாதிச் சொல்லோடு நிற்கும். அடியில் சிவப்பு மையில் "கவனம் தேவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். வீட்டில் அதைப் பார்த்தவர்கள் வந்து கேட்கவில்லை. படிப்பு ஏறவில்லை என்று அப்படி ஒரு பெண்ணை நிறுத்தித் தோட்ட வேலைக்கு அனுப்பியபோது, பள்ளியிலிருந்து ஒருவரும் அவள் வீட்டுக்குப் போகவில்லை.